திருவொற்றியூரும் துளிப் பணமும்

2021 தேர்தலில் சீமான் திருவொற்றியூரில் நின்றார். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் பேசினார்; எண்ணூர் பக்கத்து மீனவர்களுக்கு அது சோத்துப் பிரச்சினை. 48 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு, மூன்றாம் இடம். தொகுதியைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் குறையில்லை. என் கேள்வி 'துளி' பற்றியது. மக்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டுகிறோம் என்பது நாம் தமிழர் கட்சியின் பெருமை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 30.8 லட்சம். தொகுதியில் வாக்காளர்கள் சுமார் 3 லட்சம் பேர். தலைக்குப் பத்து ரூபாய், டீக்காசு! ஊரே ஒரு வேட்பாளரை நிறுத்திடலாம். 2019-இல் பெகுசராயில் கன்னையா குமார் அன்றைய மக்களவை வரம்பான 70 லட்சத்தையும் இணையம் வழியே திரட்டினார். (தோற்றார், அது வேற கதை.) அது ஒரு வேட்பாளருக்கென்று கொடுத்த பணம். துளி, கட்சியின் பொதுப் பெட்டிக்குப் போகிறது.

20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைத்தான் கட்சிகள் ஆணையத்திடம் சொல்லணும். நூறு ரூபாய் போட்ட துறைமுகத் தொழிலாளி மொத்தத் தொகைக்குள் கரைஞ்சு போறார். வேட்பாளர் 30 நாளில் தரும் செலவுக் கணக்கும் ஆணையத்துக்குத்தான், கொடுத்தவனுக்கு இல்லை.

மீனவக் குப்பத்தில் தலைக்கட்டு வரி வாங்கினால், ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு சொல்லியாகணும். இல்லைன்னா அடுத்த வருஷம் வரி வராது. துளிக்கும் அப்படி ஒரு கூட்டத்தைத் தேரடியில் போட எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.