செய்பணியும் ஆசிரியரும்: குவாசார் செய்திட்டம் பற்றியதொரு மதிப்பீடு

பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் பாடசாலை ஆசிரியரும் ஒன்றிணைந்து பணியாற்றுதல் வேண்டும் என்பது கல்வியியலாளர் பலரும் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் கருத்தாகும். ஆயின், அவ்வாறு இணையுமிடத்து எதனை ஆராய்வது, யார் யாரை மதிப்பிடுவது, கண்டறிந்தவற்றை யார் எழுதுவது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களை மனங்கொண்டு நோக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே நடைபெற்ற குவாசார் செய்திட்டம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இச்செய்திட்டம் 1989 ஆம் ஆண்டிலே போர்ட் மன்றத்தின் நிதியுதவியுடன், பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் கற்றல் ஆராய்ச்சி நிலையத்தில், எட்வேட் சில்வரின் தலைமையில் தொடங்கப்பெற்று 1995 வரை நடைபெற்றது. வறுமை மிக்க நகரப் பகுதிகளைச் சேர்ந்த ஆறு இடைநிலைப் பாடசாலைகள் இதிற் பங்குகொண்டன. அத்தகைய பாடசாலைகளிற் பயிலும் பிள்ளைகளுக்குக் கணிப்பு முறைகளை மனனஞ் செய்வித்தலே போதுமானது என்னும் எண்ணம் அன்று பரவலாக நிலவியது. அப்பிள்ளைகளிடம் திறமை உண்டு, கிட்டாதது வாய்ப்பே என்பது செய்திட்டத்தினரின் அடிப்படை நம்பிக்கையாயிருந்தது. ஒவ்வொரு பாடசாலையின் ஆசிரியரும் அயலிலுள்ள பல்கலைக்கழகங்களின் கணிதக் கல்வியாளருடன் இணைந்து தமக்குரிய திட்டத்தைத் தாமே வகுத்துக்கொண்டனர். ஒரே பாடத்திட்டம் மேலிருந்து எல்லார்மீதும் சுமத்தப்படாமை குறிப்பிடத்தக்கது.

செய்திட்டத்தின் ஆராய்ச்சிப் பேறுகளுள் தலையாயது, மாணவர்க்கு அளிக்கப்படும் செய்பணியை ஆய்வின் அலகாகக் கொண்டமையாகும். ஒரு செய்பணி பாடநூலில் உள்ளவாறு ஒரு நிலையிலும், ஆசிரியர் அதனை வகுப்பில் முன்வைக்கும்போது இன்னொரு நிலையிலும், மாணவர் அதனைச் செய்யும்போது மூன்றாவதொரு நிலையிலும் அமைகின்றது. மேரி கே ஸ்ரைன் முதலியோர் 1996 இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றாண்டுக் காலத்தில் வகுப்புகளில் நிகழ்ந்த 144 செய்பணிகளை இவ்வாறு பகுத்து நோக்கியது. உயர்ந்த சிந்தனையை வேண்டி முன்வைக்கப்பட்ட செய்பணிகள் பலவும் வகுப்பு முடிவதற்குள் வெறுங் கணிப்பாகத் தாழ்ந்துவிட்டமை அதிற் புலப்பட்டது. இறுதிவரை தாழாது நின்ற வகுப்புகளிலேயே மாணவரின் முன்னேற்றம் மிகுந்திருந்தது என்பதும் அதே காலத்தில் வெளிவந்த மற்றோர் ஆய்வினால் அறியப்பட்டது.

இவ்வாராய்ச்சியின் அடியாக ஸ்ரைன், ஸ்மித், ஹெனிங்சென், சில்வர் ஆகிய நால்வர் 2000 ஆம் ஆண்டில் ஆசிரியர்க்கான நிகழ்வாய்வு நூலொன்றினை வெளியிட்டனர். அதில் வரும் ஒரு செய்பணி வருமாறு: நான்கு வரிசையும் பத்து நிரலும் கொண்ட செவ்வகத்தில் ஆறு சிறு சதுரங்களை நிழற்றி, நிழற்றிய பகுதியைப் பின்னமாகவும் தசமமாகவும் சதவீதமாகவும், உருவைக் கொண்டே விளக்குதல் வேண்டும். ஆறினை நாற்பதாற் பிரித்து 0.15 எனப் பெறும் மாணவன் விடையைப் பெற்றவனே. ஆயினும் உருவை அவன் பார்க்கவில்லை. ஒரு நிரல் நான்கு சதுரம். அது முழுவதிற் பத்திலொன்று. ஆகவே ஆறு சதுரம் ஒன்றரை நிரல், அதாவது 15 சதவீதம் என்று காண்பவனுக்கோ சதவீதம் என்பதன் பொருளே விளங்கிவிடுகின்றது. நூலில் வரும் ஆசிரியர் இச்செய்பணியை ஒரே நாளில் இரு வகுப்புகளுக்கு அளிக்கிறார். முன்னைய வகுப்பில் மாணவர் பழகிய கணிப்பு முறைக்கே திரும்பிவிட, செய்பணி தாழ்கின்றது. பின்னைய வகுப்பில் அவர் உருவைக் கொண்டு விளக்குமாறு மாணவரை விடாது தூண்டுகிறார்.

ஒரே ஆசிரியர், ஒரே செய்பணி, இருவேறு பேறுகள். இவ்வமைப்பினால், ஆசிரியர் நல்லவரா தீயவரா என்னும் பயனற்ற வழக்கு ஒழிந்து, வகுப்பில் நிகழ்ந்தது யாது என்னும் பயனுள்ள ஆராய்வு தொடங்குகின்றது. தாழ்வுக்கான காரணங்களாகக் கூறப்படுவனவும் மெய்ம்மை வாய்ந்தவை. மாணவர் திணறும்போது வழியைச் சொல்லிவிடுமாறு ஆசிரியரை நெருக்குகின்றனர். அவரும் இரக்கத்தினாற் சொல்லிவிடுகிறார். சிந்திக்க வேண்டிய பகுதி அவ்விடத்திலேயே பிள்ளையின் கையினின்றும் நழுவிவிடுகின்றது. சோம்பலினால் மட்டுமன்றிப் பரிவினாலும் கற்பித்தல் தாழக்கூடும் என்பதை இத்துணைத் தெளிவாக எடுத்துக்காட்டியமை நூலின் சிறப்பு எனலாம்.

எனினும் நூலின் குறைபாடு ஒன்றும் சுட்டத்தக்கது. காலம் போதாமை காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகின்றது. ஆனால் பாடவேளையின் அளவை வகுப்பவர் யார், பாடத்திட்டத்தை முடிக்குமாறு நெருக்குபவர் யார் என்பன அக்காரணப் பட்டியலில் இடம்பெறவில்லை. காரணங்கள் வகுப்பறைச் சுவர்களுக்குள்ளேயே தேடப்படுவதால், திருத்தும் பொறுப்பும் அங்கு நிற்கும் ஒருவர் தலையிலேயே விழுகின்றது. செய்திட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்க்கு நிதியும், உடனிருந்து சிந்திக்கும் துணைவரும் சில ஆண்டுகள் தொடர்ந்து கிடைத்தனர். நூலை மட்டும் பெறும் பிற பாடசாலைகளுக்கு இவை வாய்ப்பது அரிது.

நூலாக்கம் பற்றிய வினாவும் எழுகின்றது. நிகழ்வுகளில் வரும் ஆசிரியர் புனைபெயரினர். அவர்களின் வகுப்பனுபவங்களை நூலாக வடித்தவர்கள் செய்திட்ட ஆராய்ச்சியாளர்கள். தவறு செய்தவர் பழிக்கு ஆளாகாது காக்கப்படுதல் நியாயமே. ஆனால், அத்தவறினைத் தாமே கண்டு திருத்திய பெருமையும் அதே திரையின் பின் மறைந்துவிடுகின்றது. லோறன்ஸ் ஸ்ரென்ஹவுஸ் 1975 இல் இங்கிலாந்தில் வெளியிட்ட கலைத்திட்ட ஆராய்ச்சி நூலில், ஆசிரியரே ஆராய்ச்சியாளராதல் வேண்டும் என வாதிட்டார். அவ்வளவுகோலால் நோக்கின், குவாசார் பாதி வழியே வந்துள்ளது: ஆசிரியர் சிந்தனையாளராக மதிக்கப்பட்டார், நூலாசிரியராக அமர்த்தப்படவில்லை.

இக்குறைகளால் நூலின் பயன் அழிந்துவிடுவதில்லை. வறிய பிள்ளைகளுக்கும் சிந்திக்கும் கணிதம் உரியது என்பதை வாதத்தால் மட்டுமன்றி வகுப்பறைச் சான்றினாலும் நிலைநாட்டிய முயற்சிகளுள் இது முதன்மையானது. இதனைப் பின்பற்ற விழைவோர் செய்பணியைப் பகுத்தாயும் முறையை இதனிடம் கற்றல் வேண்டும். கூட்டுழைப்பின் பேறுகளை எழுதும்போதோ, எழுதுகோலில் ஒரு பாதியை ஆசிரியர்க்கும் அளித்தல் வேண்டும்.