சத்திரத்தானும் ஸ்டாஃபோர்டு அறிக்கையும்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளர் அடைந்த துன்பங்களைக் குறித்த பொது விசாரணைக்குத் தலைமை தாங்கிய இராபர்ட் பிரான்சிஸ் என்னும் வழக்கறிஞர், 2013 பிப்ரவரியில் தமது அறிக்கையை வெளியிட்டார். அது மருத்துவர்க்கும் நிர்வாகிகளுக்குமே உரியது என்று தோன்றலாம். மருத்துவ ஊழிய ஞாயிறுதோறும் நல்ல சமாரியனைப் பற்றி அருளுரையாற்றும் நாமும் அதனைக் கருத்தூன்றிப் படித்தல் கடமை எனக் கருதுகிறோம்.

அறிக்கை காட்டும் காட்சிகள் நெஞ்சை உலுக்குவன. தண்ணீர் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட, முதியோர் நாவறண்டு கிடந்தனர். ஊட்டுவாரின்றி உணவுத் தட்டுகள் வைத்தபடியே திரும்பின. அழுக்கான படுக்கையில் பலர் நெடுநேரம் விடப்பட்டனர். செவிலியரைக் கல்நெஞ்சர் எனப் பழித்தல் எளிது. பணியாளரின் குறைகளை மறைக்காத பிரான்சிஸ் அவற்றோடு நின்றுவிடவில்லை. அதுவே இவ்வறிக்கையின் சிறப்பு. ‘ஃபவுண்டேஷன் டிரஸ்ட்’ என்னும் தன்னாட்சித் தகுதியை நாடிய நிர்வாகக் குழு, செலவைக் குறைக்கவும் அரசின் இலக்குகளை எட்டவும் முனைந்து, முன்னரே போதாதிருந்த ஆட்களை மேலும் குறைத்தது. முறையிட்டோரின் குரலுக்குச் செவிகொடுக்கவில்லை.

நமது அருளுரைகளோ தனிமனிதரின் உள்ளத்தோடு நின்றுவிடுகின்றன. சமாரியன் மனதுருகினான், நீங்களும் மனதுருகுங்கள் என்கிறோம். (இதனை எழுதும் நாமும் பலமுறை அவ்வாறே பிரசங்கித்திருக்கிறோம்.) லூக்கா இங்கு ஆளும் கிரேக்கச் சொல், குடல்களைக் குறிக்கும் சொல்லின் அடியாகப் பிறந்தது என விளக்குவதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் உவமை அச்சொல்லோடு முடியவில்லை. சமாரியனிடம் எண்ணெயும் திராட்சரசமும் வாகனமும் இருந்தன, நேரமும் இருந்தது. மறுநாள் அவன் புறப்பட்டுப் போகிறான். அதன்பின் காயமுற்றவனைப் பேணும் பொறுப்பு சத்திரத்தானுடையது. அவன் மனதுருகினானா என்று லூக்கா சொல்லவில்லை. இரண்டு பணம், அதாவது இரண்டு நாட்கூலி, அவன் கையில் முன்னதாகவே கொடுக்கப்பட்டதையும், மிகுதிச் செலவுக்கு உறுதி கூறப்பட்டதையும் சொல்கிறார். மருத்துவமனைச் செவிலியர் சமாரியனைவிடச் சத்திரத்தானையே ஒத்தவர். அவரிடம் நோயாளர் நாள்தோறும் வந்துகொண்டே இருக்கின்றனர்.

நேரத்தின் பங்கினை நம்மைப் போன்றோரிடமே சோதித்தனர் டார்லி, பாட்சன் என்னும் உளவியலார். 1973இல் வெளியான அவர்தம் ஆய்வில், பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேர் உரையாற்றுவதற்காக வேறொரு கட்டடத்துக்கு அனுப்பப்பட்டனர். வழியில் ஒருவர் இருமியவாறு சரிந்து கிடந்தார். அவசரமின்றிச் சென்றோரில் 63 விழுக்காட்டினர் உதவினர். மிகவும் விரைவுபடுத்தப்பட்டோரில் 10 விழுக்காட்டினரே உதவினர். அவர்களுள் ஒரு சாரார் சமாரியன் உவமையைப் பற்றியே பேசச் சென்றவர்கள்; அதனால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் விளையவில்லை. சிறிய ஆய்வுதான், எனினும் நம்மால் நகைத்துவிட்டுக் கடக்க இயலவில்லை.

அறிக்கையின் குறையும் இவ்விடத்தில்தான் உள்ளது. 290 பரிந்துரைகளை அடுக்கியும், ஒரு வார்டுக்கு இத்தனை செவிலியர் வேண்டும் என்னும் குறைந்தபட்ச அளவைச் சட்டமாக்குமாறு அது கேட்கவில்லை. ‘பண்பாடு’ மாறவேண்டும் என்பதே மேலோங்கி நிற்கிறது. பண்பாட்டை மாற்றுவதற்குப் பணம் வேண்டியதில்லை என்று ஆட்சியாளர் எண்ணினர் போலும். 2012 டிசம்பரிலேயே பரிவு உள்ளிட்ட ஆறு பண்புகள் செவிலியர்க்கென வகுக்கப்பட்டிருந்தன. 2013 மார்ச்சில், செவிலியர் பயிற்சியை நாடுவோர் முதலில் ஓராண்டு வரை உதவியாளராய்ப் பணிபுரிய வேண்டும் என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பகல் வேளையில் செவிலியர் ஒருவர் எட்டு நோயாளருக்கு மேல் கவனிக்க நேர்ந்தால் தீங்குக்கு இடமுண்டு என ‘நைஸ்’ என்னும் வழிகாட்டு நிறுவனம் 2014 ஜூலையில் எச்சரித்தது. பிற பிரிவுகளுக்கும் இத்தகைய வழிகாட்டுதலை வகுத்துவந்த அதன் பணி 2015 ஜூனில் நிறுத்தப்பட்டது.

மூன்று தொகுதிகளையும் படிக்க இயலாத மாணவர், தனியே வெளியிடப்பட்ட சுருக்கத்தையேனும், லூக்கா 10:35ஐ அருகில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.