உலா: வில்லியனூரில் ஓட்டிப் பார்த்த உலாவி

புதுச்சேரியில் உயர்கல்விச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பம் தொடங்கிவிட்டால் வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் நெரியும். லேப்டாப் இருக்கிற பிள்ளைகள் வீட்டிலேயே முயன்று பார்ப்பார்கள். சிக்கல் அங்கேதான். விண்ணப்பத்தின் கூடவே பழைய வினாத்தாளையும் தேடி ஒரு தளத்துக்குள் போனால், பச்சை நிறத்தில் பெரிதாக ‘டவுன்லோடு’ பொத்தான் நிற்கும். அழுத்தினால் வினாத்தாள் வராது. வேறொரு பக்கம் திறந்து, அறிவிப்புகளை அனுமதிக்கச் சொல்லும். தெரியாமல் அனுமதித்துவிட்டால், அன்று முதல் திரையின் ஓரத்தில் “உங்கள் கணினியில் வைரஸ்” என்று ஓயாத மிரட்டல்.

எதிர்வீட்டு அக்கா தன் மகளின் லேப்டாப்பைக் கொண்டுவந்து, “தம்பி, இது கெட்டுப்போச்சா, கொஞ்சம் பாரேன்” என்றதும் இதனால்தான். லேப்டாப்புக்கு ஒன்றுமில்லை. உலாவியின் அமைப்புகளில் அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதியை நீக்கியதும் மிரட்டல் நின்றது. கையோடு உலாவியையும் மாற்றிக் கொடுத்தேன்.

போட்டது உலா. சென்னையைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்டது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசாக 1 கோடி ரூபாய் வென்றது. விளம்பரத் தடுப்பும் பின்தொடர்வோரைத் தடுக்கும் வசதியும் அதிலேயே இருக்கின்றன. தனியாக எதையும் சேர்க்க வேண்டாம். அதே வினாத்தாள் பக்கத்தை உலாவில் திறந்தோம். பச்சைப் பொத்தானைக் காணோம். அடியில் சின்ன நீல எழுத்தில் உண்மையான சுட்டி மட்டும் இருந்தது. அந்தப் பெண் அதை இதற்கு முன் கவனித்ததே இல்லை. என்னைக் கேட்டால், உலாவியை மாற்ற இந்த ஒரு காரணமே போதும்.

ஒரு தளத்தில் பவர் டில்லர் விலை பார்த்தால், அடுத்துத் திறக்கும் செய்தித் தளத்திலும் பவர் டில்லர் விளம்பரம் வருகிறதே, ஏன்? இரண்டு பக்கங்களிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் உட்கார்ந்திருக்கிறது. நாம் எங்கே போகிறோம், எதைப் பார்க்கிறோம் என்று குறித்துக்கொள்வது அதுதான். உலா தடுப்பது இந்த வேவு வேலையை.

ஒரே லேப்டாப்பை வீடே பயன்படுத்தும் நம் ஊர்களுக்கு உலாவின் தனித்தனி முறைகள் நன்றாகப் பொருந்துகின்றன. வேலைக்கு ஒன்று, சொந்தப் பயன்பாட்டுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று. அப்பா ‘நிலமகள்’ தளத்தில் பட்டா பார்ப்பதும் பிள்ளை பாடம் படிப்பதும் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

குறையும் உண்டு. ஒரு அரசுத் தளத்தில் அடுத்த சாளரம் திறக்கவே இல்லை. அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்திய பிறகுதான் வேலை முடிந்தது. இதையும்விடப் பெரிய விஷயம், உலாவின் அடித்தளம் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்பது. குரோமில் இருந்து வருபவருக்கு அது வசதிதான்: புக்மார்க், கடவுச்சொல் எல்லாவற்றையும் இறக்குமதி செய்துகொள்ளலாம். ஆனால் குரோமியத்தில் கூகுள் எடுக்கும் முடிவுகள் உலாவையும் தொடும். நினைவகம் குறைந்த பழைய லேப்டாப்பில் இது பறக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். விளம்பரம் நிறைந்த பக்கங்கள் சீக்கிரம் திறக்கும், அவ்வளவே.

ஆண்ட்ராய்டு கைபேசிக்கு நான் சொல்வது ஃபயர்ஃபாக்ஸ். கூகுளைச் சாராத கெக்கோ பொறியில் ஓடுகிறது. தமிழ் இடைமுகம் உண்டு. ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகளைச் சேர்க்க முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற இலவச நீட்சியைச் சேர்த்துவிட்டால் விளம்பரத்துக்குப் போகும் டேட்டாவும் மிச்சம். நிறுவியதோடு நிற்காமல், போனின் அமைப்புகளில் அதையே இயல்பு உலாவியாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வரும் சுட்டிகள் பழைய உலாவியிலேயே போய்த் திறக்கும்.