நாவல்பழ நிறத்து ஜி.டி.ஓ.

1967ஆம் ஆண்டு பான்டியாக் ஜி.டி.ஓ.வை முன்னால் நின்று பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஹெட்லைட்டுகள். நடுவில் இரண்டாகப் பிளந்த கிரில், அதில் கம்பிவலை. பானட்டின் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஸ்கூப். பக்கவாட்டுக்கு வந்தால் பின்சக்கரத்துக்கு மேலே உடம்பு திமிறி எழுந்து, அப்படியே சரிந்து டிக்கியில் போய் இறங்குகிறது. மனிதன் செய்த கார்களிலேயே அழகானது இதுதான். மறுப்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. அவர்களுக்காக மனமார வருத்தப்படுவதோடு சரி.

அப்படி ஒன்று எங்கள் வீட்டு கேரேஜில் நிற்கிறது. மிச்சிகன் மாநிலம், டெட்ராய்ட்டுக்கு வடக்கே டிராய் என்ற ஊர். தெருவில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் கார் கம்பெனி வேலையில் இருப்பார்; நானும் அந்த ரகம்தான். பகலில் கணினித் திரையில் கார்களை வரைகிறேன். ஆனால் ஒரு காரைக் கையால் பிரித்து, துருவைச் சுரண்டி, மறுபடி பூட்டி ஓட்டிப் பார்க்கும் வரை கார் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். இவ்வளவு சந்தோஷத்தை இத்தனை வருடம் யாரும் எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார்களே என்று கோபம்கூட வருகிறது.

இந்தக் கார் பிறந்த கதையே ஒரு திருட்டுத்தனம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி: நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது. 1963இல் பந்தயங்களுக்கும் தடை போட்டுவிட்டார்கள். பந்தயத்தை வைத்தே பெயர் சம்பாதித்திருந்த பான்டியாக் பிரிவுக்கு அது வயிற்றில் அடி. அங்கே தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன்; பின்னாளில் துருப்பிடிக்காத எஃகில் கார் செய்து புகழும் வழக்குகளும் சம்பாதித்த அதே மனிதர். பில் காலின்ஸ், ரஸ்ஸல் ஜீ என்ற பொறியாளர்களோடு அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பான்டியாக்கின் நடுத்தர அளவு டெம்பஸ்ட் காரில் இருந்த 326 எஞ்சினுக்கும் பெரிய கார்களில் இருந்த 389 எஞ்சினுக்கும் வெளி அளவு ஒன்றே. தாங்கிகளும் அப்படியே பொருந்தும். சின்னக் காரில் பெரிய எஞ்சின், வேலை முடிந்தது!

விதியை என்ன செய்தார்கள்? விதி புது மாடல்களுக்குத்தான். ஆகவே இதைப் புது மாடல் என்றே சொல்லவில்லை. டெம்பஸ்ட் வரிசையின் லெமான்ஸ் மாடலுக்கு 295 டாலர் விலையில் ஒரு கூடுதல் வசதி என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பெயரை ஃபெராரியிடமிருந்து கூசாமல் எடுத்துக்கொண்டார்கள். 5,000 விற்றால் பெரிது என்று நினைத்த விற்பனைப் பிரிவு 1964 மாடலில் மட்டும் 32,450 விற்றது. 1966இல் 96,946. போட்டிக் கம்பெனிகள் எல்லாம் பின்னால் ஓடிவந்தன. மசில் கார் என்ற வகையே இப்படித்தான் சூடுபிடித்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஜி.டி.ஓ. என்பதே ஒரு மாற்றி அமைத்த கார். அதன் பிறவிக் குணம் அது. "ஒரிஜினலை மாற்றாதே" என்று சொல்பவர்களுக்கு என் பதில் முழுவதும் இந்த 295 டாலரில் இருக்கிறது.

என் கார் கைக்கு வந்தபோது அடர்நீலத்தில் இருந்தது. அதன் கீழே சிவப்பு, அதற்கும் கீழே என்னவென்று சொல்ல முடியாத ஒரு மங்கல். கதவுத் தூணில் ரிவெட் அடித்த தகட்டில் எண் 242 என்று தொடங்கியது. அது 1967இல் ஜி.டி.ஓ.வுக்கு மட்டும் உரியது. நடுவில் இருந்த 'பி' என்ற எழுத்து, பான்டியாக் நகரத் தொழிற்சாலையில் உருவானது என்று சொன்னது. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர தூரம்! பழைய பில் நகல்களைத் தேடித் தரும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸுக்கு எழுதினேன். வந்த தாளில் நான்கு கியர் மேனுவல், 335 குதிரைத்திறன் கொண்ட 400 எஞ்சின், நிறம் 'பிளம் மிஸ்ட்'. அந்த நிறத்தின் மாதிரியை வெயிலில் பிடித்துப் பார்த்ததும் நாவல்பழம் தின்ற நாக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் வேறு நிறத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

துருவைப் பற்றிச் சொல்லாமல் மிச்சிகன் காரைப் பற்றிப் பேச முடியாது. இங்கே பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்பு கொட்டுகிறார்கள். அது சேஸின் உள்ளே போய் உட்கார்ந்து தகட்டைத் தின்னும். ஆனால் இந்தக் கார்களின் உண்மையான எதிரி மேலே இருக்கிறது. பின்கண்ணாடியின் கீழ் விளிம்பில் பளபளக்கும் பட்டையைக் கழற்றுங்கள். அதற்கடியில் ஒரு வாய்க்கால். மழைத்தண்ணீர் அங்கே தேங்கி, தகட்டை அரித்து, அந்த ஓட்டை வழியே டிக்கிக்குள் சொட்டி, டிக்கித் தரையையும் தின்றுவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விற்பவர் டிக்கியில் விரித்திருக்கும் அழகான புதுப் பாயைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் ஜி.டி.ஓ. வாங்கிவிடாதீர்கள்.

டிக்கித் தரை முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தேன். அரை நூற்றாண்டுக்கும் மேல் பழைய காருக்கு, அதே வளைவு நெளிவுகளோடு புதுத் தகடு இன்றைக்கும் அச்சடித்து விற்கிறார்கள் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஏம்ஸ் கம்பெனி பான்டியாக்குக்கென்றே பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலை இரவில் படுக்கையில் வைத்து வாசிக்கும் ஆளாக மாறிவிட்டேன். வீட்டில் கேலி தாங்க முடியவில்லை.

வெல்டிங் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பான்டியாக் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 0.6 மில்லிமீட்டர் கம்பி, முக்கால் பங்கு ஆர்கானும் கால் பங்கு கரியமில வாயுவும் கலந்த சிலிண்டர். நீளமாக ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு அப்பளமாகச் சுருண்டுவிடும். ஒரு புள்ளி வைக்க வேண்டும், ஒரு கை தள்ளி அடுத்த புள்ளி, பிறகு எதிர்ப்பக்கம் ஒன்று. ஆறும்வரை காத்திருந்து மறுபடி நடுவில். புள்ளிகள் எல்லாம் சேர்ந்து கோடாக ஒரு மாலை முழுவதும் ஆகும். பிறகு அரைத்து, சுத்தியலும் அடிக்கட்டையும் வைத்துத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். ஒட்டு எங்கே என்று விரல் தேடித் தேடிக் கிடைக்காமல் போகும் அந்த நிமிடம் இருக்கிறதே, அதற்காக இன்னும் நான்கு கார்களின் டிக்கியை வெட்டச் சொன்னாலும் வெட்டுவேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தாள். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கேரேஜ் ஹீட்டருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, நான் கழற்றிப் போடும் நட்டு போல்ட்டுகளை ஜிப் பைகளில் பிரித்துப் போடும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"ஏன்டா, இத்தனையும் திரும்ப இதுக்குள்ளயே போயிருமா?"

"போயிரும்மா."

"சந்தேகமாத்தான் இருக்கு."

ஒவ்வொரு பையிலும் தமிழில் எழுதி வைத்தாள். 'இடது கதவு, மேல் கீல்.' 'பானட் பூட்டு, ஸ்பிரிங் பத்திரம்.' ஒரு பையில் 'எதுன்னு தெரியல, தொலைச்சிராத.' உலகத்திலேயே தமிழில் பெயர் எழுதிப் பூட்டப்பட்ட ஒரே ஜி.டி.ஓ. என்னுடையதாகத்தான் இருக்கும். அந்தக் கடைசிப் பையில் இரண்டு போல்ட்டுகள் இன்னும் மிச்சம். வாட்ஸப்பில் அம்மா மாதாமாதம் அவற்றை விசாரிக்கிறாள்.

பெயிண்ட் விஷயத்தில் ஒன்று மட்டும். பட்டி பார்ப்பது, பிரைமர், உப்புத்தாள் வேலை எல்லாம் வீட்டில் செய்யலாம். பிரைமரின் மேல் கறுப்பை மெல்லத் தூவி, நீளக் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால், கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். இதை மணிக்கணக்கில் செய்யலாம். எனக்கு அது தியானம் மாதிரி. ஆனால் கடைசிப் பூச்சில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும், தனிக் காற்றுக்குழாய் வைத்த முகமூடி இல்லாமல் கிட்டவே போகக்கூடாது. அதை முறையான பெயிண்ட் அறை வைத்திருக்கும் நண்பரிடம் விட்டுவிட்டேன்.

இனி எஞ்சின். எனக்கு மிகப் பிடித்த பகுதி.

400 கன அங்குலம், அதாவது 6.6 லிட்டர். வார்ப்பிரும்பில் சுமார் 300 கிலோ. சிலிண்டர்களைப் போரிங் போட ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். மற்றதெல்லாம் வீட்டு மேஜையில். அந்தக் காலத்து 10.75க்கு 1 என்ற அழுத்த விகிதத்துக்கு ஈயம் கலந்த உயர்ரகப் பெட்ரோல் கிடைத்தது. இன்றைய பம்ப்பில் வருவதை ஊற்றினால் எஞ்சின் தட்டத் தொடங்கிவிடும். நடுவில் குழிந்த பிஸ்டன்கள் போட்டு விகிதத்தை 9.5க்குக் கீழே இறக்கினேன். பான்டியாக்கின் வார்ப்பு கனெக்டிங் ராடுகள் இந்த எஞ்சினின் பலவீனம் என்பது எல்லாரும் அறிந்தது. அடித்து உருவாக்கிய எஃகு ராடுகளாக மாற்றினேன்.

முதல் ஸ்டார்ட் ஒரு சடங்கு. இந்த எஞ்சினில் ஆயில் பம்பைச் சுழற்றுவது டிஸ்ட்ரிபியூட்டர்தான். ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் ஒரு தண்டை விட்டு, டிரில் மெஷினால் பம்பைச் சுற்ற வேண்டும், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். ஆயில் ஏறி மேலே ராக்கர்களில் ஊறும்வரை விடக்கூடாது. டிரில் திடீரென்று கனக்கும். அழுத்தம் வந்துவிட்டது என்று கை சொல்லும்.

அடுத்தது இன்னும் பயங்கரம். பழைய வகை கேம்ஷாஃப்ட்டும் லிஃப்டர்களும் முதல் தடவை உரசிப் பழகும்போது அவற்றுக்கு ஆயில் தெறித்துத்தான் கிடைக்கிறது. ஐடிலிங்கில் போதிய அளவு தெறிக்காது. எனவே உயிர் வந்த நொடியிலேயே நிமிடத்துக்கு 2,000 சுழற்சிக்கு மேலே ஏற்றி, 20 நிமிடம் இறக்காமல் வைத்திருக்க வேண்டும். துத்தநாகச் சேர்மம் நிறைய உள்ள ஆயில் வேண்டும். யோசித்துப் பாருங்கள்: இதுவரை ஓடியே இராத எஞ்சின், எங்கே கசியும் எங்கே உடையும் என்று தெரியாது, ஆனால் மெதுவாக ஓட்டிப் பார்க்க அனுமதி இல்லை!

மகள் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டாள். நான் டார்ச்சோடு அடியில். பெரியவர் கையில் தீயணைப்பான். சாவியைத் திருப்பினாள். ஒரு இருமல், ஒரு வெடிப்பு, அப்புறம் எட்டு சிலிண்டரும் ஒரே குரலில் உறுமின. கேரேஜ் கதவு அதிர்ந்தது. ஆணியில் மாட்டியிருந்த ஸ்பானர்கள் தாளம் போட்டன. "அப்பா, விடவா?" என்று கத்துகிறாள். "விடாதே, விடாதே!" என்று நான் கத்துகிறேன். புது பெயிண்ட் கருகும் புகை, சூடான இரும்பின் வாசனை. இருபதாவது நிமிடம் காலை எடுக்கச் சொன்னேன். சுழற்சி இறங்கி, லொட லொட லொட என்று அந்தப் பெரிய கேம்ஷாஃப்ட்டின் தள்ளாட்ட ஐடிலிங்கில் வந்து நின்றது. பெரியவர் என் முதுகில் அடித்த அடி ஒரு வாரம் வலித்தது.

மாற்றங்கள் என்னென்ன என்று கேட்பீர்கள். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். நாலு பக்கமும் ஒன்பதரை அங்குல டிரம்மை வைத்துக்கொண்டு இந்த எடையை நிறுத்துவது பிரார்த்தனைக்குச் சமம். 1967இல் தொழிற்சாலையே கூடுதல் காசுக்கு டிஸ்க் கொடுத்தது, அதனால் மனசாட்சி உறுத்தவில்லை. அடைத்தே வந்த பானட் ஸ்கூப்பைத் திறந்து கார்புரேட்டருக்குக் குளிர்ந்த காற்று விட்டேன்; அதற்கான பாகத்தையும் பான்டியாக்கே விற்றது. கியர்பாக்ஸ் மட்டும் பெரிய துணிச்சல். பழைய நான்கு கியரில் மணிக்கு 70 மைல் போனால் எஞ்சின் 3,200 சுழற்சியில் அலறும். டிரெமெக் கம்பெனியின் ஐந்து கியர் பெட்டியைப் போட்டதும் அதே வேகத்தில் 2,200க்குக் கீழே இறங்கிவிட்டது. பேச்சு காதில் விழுகிறது. பழைய பெட்டி கிரீஸ் தடவி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. எதை மாற்றினாலும் திரும்பப் பூட்டும்படிதான் மாற்றுவேன். ஒரு போல்ட்டின் தலையில் இருக்கும் முத்திரைகூட மாறாமல் காரை வைத்திருப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களால்தான் எது ஒரிஜினல் என்று நமக்குத் தெரிகிறது. ஆனால் அவர்களில் பலர் காரை ஓட்டுவதில்லை!

அறுபதுகளில் பக்கத்து ராயல் ஓக்கில் ராயல் பான்டியாக் என்ற டீலர் 'பாப்கேட்' என்ற பெயரில் ஒரு தொகுப்பு விற்றார். மெல்லிய ஹெட் கேஸ்கட், பெரிய கார்புரேட்டர் ஜெட், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புது டைமிங். ஊர் ஊராகப் பார்சலில் வாங்கி, வீட்டு வாசலில் நின்று ஆட்கள் பூட்டிக்கொண்டார்கள். நான் செய்வது அதன் தொடர்ச்சி, அவ்வளவே.

இன்றைக்கு ஒரு சாதாரண மின்சாரக் கார் சத்தமே இல்லாமல் என்னை முந்திவிடும். முந்தட்டும். இரண்டாம் கியரில் கார்புரேட்டரின் நாலு வாயும் முழுக்கத் திறக்கும்போது பானட் மெல்ல எழும்ப, முதுகு சீட்டில் பதிய, கழுத்து மயிர் சிலிர்க்கும். அந்த மின்சாரக் காரின் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி என் எஞ்சினைக் கேட்கிறார், நான் பார்த்திருக்கிறேன்.

மிச்சிகனில் பழங்கார் நம்பர் பிளேட் வாங்கினால் கண்காட்சி, கிளப், ஊர்வலம் என்றுதான் ஓட்டலாம். ஆனால் ஆகஸ்ட் மாதம் ஆபீசுக்குக்கூடப் போகலாம். ஆகஸ்ட் என்றாலே எங்களுக்கு வுட்வர்ட் அவென்யூதான். அறுபதுகளில் இளைஞர்கள் டிரைவ்-இன் உணவகங்களுக்கு நடுவே இரவெல்லாம் வலம்வந்த சாலை அது. 1995 முதல் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை பழைய கார்கள் வரிசைகட்டுகின்றன. பான்டியாக் என்ற பிராண்டை 2010இல் மூடிவிட்டார்கள், ஆனால் அந்தச் சனிக்கிழமை வடக்கே பான்டியாக் ஊரைப் பார்த்து ஓட்டினால் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். பின்சீட்டில் இருவருக்கு இடம் இருக்கிறது. பெல்ட் இடுப்புக்கு மட்டும்தான், ஏ.சி. கிடையாது, பெட்ரோல் வாசனை சட்டையில் இரண்டு நாள் நிற்கும். முன்சீட் மகளுக்கு. அதில் பேரம் இல்லை.