கூட்டுக்குள் ஒரு கண்

மாரண்டஹள்ளியில் உட்கார்ந்துகொண்டு ஹரியானாவின் பிஞ்சோரை நினைக்கிறேன். அங்குள்ள ஜடாயு இனப்பெருக்க மையத்தில் பாறுக் கழுகுகளின் கூடுகளைக் கேமராவில்தான் பார்க்கிறார்கள். ஆள் அருகே போனால் பறவை மிரளும்; முட்டைக்கு ஆபத்து. பெரிய பாறு வகைகள் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதைத் தாயும் தந்தையும் முறைவைத்து ஏறத்தாழ ஐம்பத்தைந்து நாள் அடைகாக்கின்றன.

அந்தப் பொறுமைதான் என்னைக் கட்டிப்போடுகிறது. பிணந்தின்னி என்று நாம் முகம் சுளித்த பறவை, மெல்ல எழுந்து, அலகால் முட்டையைப் புரட்டிவிட்டு மீண்டும் அமர்கிறது. குஞ்சு பொரிந்ததும், தன் தீனிப்பையிலிருந்து இறைச்சியைக் கக்கி ஊட்டுகிறது. என்ன நிதானம்!

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி ஊசிதான் இந்த இனத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாகப் பாதுகாப்பான மெலாக்சிகாம் இருக்கிறது. எங்கள் பக்கத்து மாட்டுக்காரர்கள் அதையே கேட்டு வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அங்கு பொரியும் குஞ்சு நான்கு மாதத்தில் கூட்டின் விளிம்புக்கு வந்து, காற்றுக்கு இறக்கையை விரித்து விரித்துப் பார்க்கும்.