தீர்த்தம் வாங்குகிற கை

அல்ட்ராசவுண்ட் பார்ப்பவரின் கைத்தேர்ச்சியை எடைபோட, தசைநாண் கிழிந்த தோளைக் கொடுத்துப் பயனில்லை. பெரிய கிழிசல் யார் கண்ணிலும் படும். வலி என்றால் என்னவென்றே தெரியாத 25 வயது வார்டு பாயை உட்காரவைத்து, இல்லாத கிழிசலை உண்டாக்காமல் எழுந்து வரச் சொல்ல வேண்டும். வயது முக்கியம். 60-ஐத் தாண்டியவர்களில் வலியே இல்லாத தோளிலும் தசைநாண் கிழிந்திருப்பதுண்டு. அதை நல்ல தோள் என்று நம்பி உட்காரவைத்தால் பாடம் கெட்டுவிடும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த டாக்டரம்மாவின் அறையில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற பலகை தொங்கும். 1994-ஆம் ஆண்டுச் சட்டம். தோளும் முழங்காலும் மட்டுமே பார்க்கிற மெஷினையும் அது விடாது. பலகைக்குக் கீழே முதுகு சாயாத ஒரு சுழல் ஸ்டூல். வந்தவரை அதில் உட்காரவைத்துவிட்டு டாக்டரம்மா பேச ஆரம்பிப்பார். பாதி வித்தை அந்தப் பேச்சில்தான்.

"கோயில்ல தீர்த்தம் வாங்குற மாதிரி கையை மடியில வைங்க." முழங்கை மடங்கி உள்ளங்கை மேலே பார்த்ததும், பைசெப்ஸின் நீண்ட தசைநாண் கிடக்கும் எலும்புப் பள்ளம் தோளின் முன்பக்கம் வந்து நிற்கும். "முழங்கை இடுப்பை விட்டு வரக்கூடாது. கதவைத் திறக்குற மாதிரி முன்கையை மட்டும் வெளியே கொண்டுபோங்க." உள்ளே பதுங்கியிருந்த சப்ஸ்கேபுலாரிஸ் தசைநாண் இழுபட்டு வெளியே வரும். பின்பக்கம் பார்க்க, "குளிருது, எதிர்த் தோள்ல போர்வையை இழுத்து விடுங்க."

சுப்ராஸ்பைனேட்டஸுக்கு மட்டும் ஆளுக்கொரு வாக்கியம். ஆண் என்றால் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுப்பது போல. புடவை கட்டியவர் என்றால் முந்தானையை இடுப்பில் செருகுவது போல. இந்தத் தசைநாண் அக்ரோமியன் என்ற எலும்புக் கூரைக்கு அடியில் ஒளிந்திருக்கும். கை பின்னால் போனால்தான் தலைகாட்டும். புறங்கையை முதுகில் ஒட்டவைக்கும் முறைக்குக் கிராஸ் என்ற மருத்துவரின் பெயர். வலிக்கிற தோளுக்கு அது தண்டனை. பாக்கெட் நிலை அதன் இளகிய வடிவம்.

மெஷினின் புரோபை அவர் பிடிப்பதைப் பார்க்க வேண்டும். அடிப்பக்கமாகப் பேனா போலப் பிடித்து, சுண்டுவிரலை ஆளின் தோல்மேல் ஊன்றிக்கொள்வார். 12 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்கு உடம்புக்குள் அலைநீளம் சுமார் 0.13 மில்லிமீட்டர். அவ்வளவு நுணுக்கமானதை ஏந்திக்கொண்டு, அந்தரத்தில் நடுங்குகிற கையோடு வேலை செய்ய முடியாது.

நல்ல தசைநாண் திரையில் இழை இழையாக வெள்ளையாகத் தெரியும். ஆனால் ஒலி அந்த இழைகளுக்குச் செங்குத்தாக விழ வேண்டும். சில டிகிரி சாய்ந்தாலே எதிரொலி வேறு பக்கம் போய்விடும்; வெள்ளை கறுப்பாகும். இதை அனைசோட்ரோபி என்பார்கள். மயில்கழுத்துப் பட்டுப்புடவையைக் கடையில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போமே, ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை, அதே கதைதான். சிக்கல் என்னவென்றால், கிழிசலும் திரையில் கறுப்பாகவே தெரியும்.

பயிற்சிக் காலத்தில் என் முறை வந்தது. ஸ்டூலில் ஒரு வார்டு பாய். சுப்ராஸ்பைனேட்டஸை நீளவாக்கில் பிடித்தேன். கிளிமூக்கு மாதிரி கூர்ந்து, எலும்பு மேட்டில் வளைந்து இறங்குகிறது. அந்த வளைவில், இழைகள் எலும்பைக் கவ்வும் இடத்தில், கறுப்பாக ஒரு பொட்டு. "பாதிக் கிழிசல் மேடம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. வார்டு பாயின் முகம் வெளுத்தது. டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் கைமேல் கை வைத்து, புரோபின் ஒரு முனையை அரிசியளவு அழுத்தினார். பொட்டு வெளுத்து, இழைகள் எலும்புவரை ஓடி நின்றன. "அவசரப்படாத தம்பி. நிஜக் கிழிசல் எந்தப் பக்கம் சாய்ச்சாலும் அங்கேயே இருக்கும். இது நீ போட்ட நிழல்."

பிறகு அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னார். தசைநாணுக்கும் டெல்டாய்ட் தசைக்கும் நடுவே புர்சா என்றொரு மெல்லிய பை. நல்ல தோளில் 2 மில்லிமீட்டர்கூட இராது. இரண்டு மாவுக்கோட்டுக்கு நடுவே விட்ட தரை போல, இரண்டு வெள்ளைக் கொழுப்புக் கோடுகளுக்கு இடையே ஒரு கறுப்பு இழை. உள்ளே துளி நீர் கோத்திருந்தாலும், கை கனத்தால் அது ஒதுங்கிக் கண்ணுக்குத் தப்பிவிடும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, அதன்மேல் புரோபை மிதக்கவிட வேண்டும். இங்கேதான் பலரும் தோற்பார்கள். எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

கடைசியாக, "கையைப் பக்கவாட்டுல மெதுவா தூக்குங்க" என்றார். தசைநாண் எங்கும் தட்டாமல் கூரைக்கடியில் வழுக்கிப் போனது; கை இறங்க, திரும்பி வந்தது. இன்னொரு முறை. மூன்றாவது முறைக்குத் தேவையே இல்லை. அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

"ஏதாவது இருக்கா மேடம்?" வார்டு பாய்க்கு இன்னும் பயம் போகவில்லை.

"எல்லாம் இருக்குப்பா" என்று டிஷ்யூ பேப்பரை நீட்டினார்.