சிக்னல் போனாலும் மாஷ் இருக்கு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் தோணிரேவில் செல்போன் சிக்னல் ஏரிக்காற்று மாதிரி. திண்ணையில் இரண்டு கோடு காட்டும், வாசலுக்கு வந்தால் ஒன்றும் இருக்காது. இந்த லட்சணத்தில் நான் பார்ப்பது சர்வர் பராமரிப்பு வேலை. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும் பதினொரு லினக்ஸ் இயந்திரங்கள் என் தலையில்.

அவற்றுக்குள் தூரத்திலிருந்து நுழைய முன்பு எஸ்எஸ்எச் மட்டும்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1995இல் பின்லாந்தில் டாட்டு யுலோனென் எழுதியது, இன்றைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு சர்வரின் வாசற்கதவு அதுதான். ஆனால் போனின் ஐபி முகவரி மாறிவிட்டால் திரை அப்படியே உறைந்துபோகும். ஒரு ராத்திரி டேட்டாபேஸ் மேம்படுத்தும்போது நடுவில் அறுந்து, விடியவிடிய பேக்கப்பிலிருந்து மீட்டேன். இணைப்பு அறுந்தாலும் வேலையை சர்வரிலேயே ஓடவிடும் டீமக்ஸைப் போடாமல் உட்கார்ந்தது என் தப்பு.

அப்புறம்தான் எஸ்எஸ்எச்சுக்கு மாற்றாக மாஷ் என்ற மென்பொருள் கைக்கு வந்தது. அடடா! எம்ஐடியில் கீத் வின்ஸ்டீனும் ஹரி பாலகிருஷ்ணனும் 2012இல் வெளியிட்டது. ஹரி நம்ம கிண்டி ஐஐடியில் படித்தவர். அவருக்கு ஒரு கூடை இறால் அனுப்பலாமா என்றுகூட நினைத்ததுண்டு.

உள்ளே நுழைய மாஷ் எஸ்எஸ்எச்சையே பயன்படுத்திக்கொள்கிறது. நுழைந்ததும் யுடிபி நெறிமுறைக்கு மாறிவிடும். எழுத்துகளை ஒன்றுவிடாமல் வரிசையாக அனுப்பிக்கொண்டிருக்காது. திரை இப்போது எப்படி இருக்கிறதோ அதை மட்டும் சொல்லும். புது ஐபியிலிருந்து சரியான பாக்கெட் ஒன்று வந்தால் போதும், சர்வர் நம்மை அடையாளம் கண்டுகொள்ளும். இணைப்பு இழுவையாக இருந்தால் நாம் தட்டும் எழுத்தை முன்கூட்டியே ஊகித்து அடிக்கோடு போட்டுக் காட்டும். சர்வர் ஆமாம் என்றதும் கோடு மறையும். அந்தக் கோடு மறைவதைப் பார்க்கவே நான் சும்மா தட்டியிருக்கிறேன்.

ஃபயர்வாலில் யுடிபி 60000 முதல் 61000 வரை திறந்துவிட மறக்க வேண்டாம். மேலே உருட்டிப் பழைய வரிகளைப் பார்க்க முடியாது, அது ஒரு எரிச்சல்தான். அதற்கு டீமக்ஸைச் சேர்த்துக்கொண்டால் முடிந்தது. பேக்கப்புக்கு ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1996இல் கொடுத்தது, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புவதால் என் டேட்டா பேக் தப்பிக்கிறது. எல்லாமே இலவசம், மூலநிரலோடு.

போன மாதம் கோட்டைக்குப்பத்து மாமா படகில் போகும்போது மடியில் லேப்டாப். முகத்துவாரம் தெரிய ஆரம்பித்ததும் திரையின் மேலே நீலப்பட்டை வந்தது: கடைசித் தொடர்பு 40 விநாடிக்கு முன்.

"இன்னாடா, பூட்ச்சா?"

"சிக்னல்தான் மாமா பூட்ச்சு. மாஷ் இருக்கு."

கொஞ்ச நேரத்தில் பட்டை மறைந்தது. விட்ட இடத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. ஏதோ மந்திரம் என்று நினைத்த மாமா, அதில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டார். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். வரும் வேலையை மூன்று சர்வர்களுக்கு முறைவைத்துப் பிரித்துத் தருவது அது என்றேன். நாங்கள் 'ரவுண்ட் ராபின்' என்று வாய் நிறையச் சொல்வதை மாமா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

"நம்ம பாடுடா இது!"

அவர் ஊரில் இறாலுக்குச் சுத்துவலை போடும் இடங்களை முறைவைத்துத்தான் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பேர்தான் பாடு. இகோர் சிசோயெவ் 2004இல் என்ஜின்எக்ஸை வெளியிடுவதற்குப் பல தலைமுறைக்கு முன்னாலேயே பழவேற்காட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது.

"முறை வந்தவன் வரலன்னா?"

"பத்து செகண்டு ஒதுக்கி வெச்சிட்டு அடுத்தவனுக்குக் குடுக்கும் மாமா. அப்பறம் மறுபடி கூப்ட்டுப் பாக்கும்."

"பத்து செகண்டுதானா?" மாமா துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "எங்க ஊர்க் கூட்டத்துல பேசி முடிக்கவே பொழுது விடிஞ்சிரும்டா."